தாண்டின பிறகும் ஒரு குத்து இருக்கு

நேத்து ராத்திரி நீ போன் பண்ணினப்போ முதல் ரெண்டு நிமிஷம் மூக்கு உறிஞ்சுற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. வாள்வீச்சுப் போட்டி, 14க்கு 14. எதிர்ல இருந்தவ பாய்ஞ்சு ஓடி வந்தா, நீ தடுத்ததுல குறி தவறிடுச்சு, உன்னைத் தாண்டிப் போயிட்டா. நீ திரும்பி அவ முதுகுல குத்தினே. லைட்டும் எரிஞ்சுது. ஆனா ரெஃப்ரி பாயிண்ட் குடுக்கல. ரெண்டு பேரையும் பழைய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினாங்க. அடுத்த குத்து அவளோடது, ஆட்டமும் அவளோடது. "தாண்டிப் போனவளைக் குத்தக் கூடாதாம்க்கா"ன்னு சொல்லி அழுதே.

நீ அனுப்பின வீடியோவை நாலு தடவை பார்த்தேன். நீ சொன்னது தப்புடி. தாண்டிப் போறவளைக் குத்தலாம். திரும்பிக்கிட்டே குத்தினாலும் செல்லும். அவ தாண்டினதால உன் பாயிண்ட் போகல. அவ தாண்டினதும் நீ வாளைத் தாழ்த்தி, "அப்பாடா"ன்னு ஒரு மூச்சு விட்டு, அப்புறம் திரும்பினே பாரு, அந்த மூச்சுலதான் போச்சு. இந்த வித்தியாசம் மண்டையில ஏற எனக்கு ரெண்டு மூணு போட்டி தோக்க வேண்டியிருந்துச்சு. உனக்கு அந்தச் செலவு வேண்டாம். ஒரு நோட்டு எடுத்து எழுதிக்கோ.

1. விதி மூணே வரிதான், மனப்பாடம் பண்ணு

ஃப்ளெஷ்னா பிரெஞ்சுல அம்பு. பின்கால் முன்காலைத் தாண்டி வர, முழு உடம்பும் முன்னாடி பாயுற தாக்குதல். பாய்ஞ்ச வேகத்துல நிக்க முடியாது, அதனால எதிராளியைத் தாண்டி ஓடித்தான் ஆகணும். அப்படித் தாண்டுறப்போ என்ன செல்லும், என்ன செல்லாதுன்னு சர்வதேச விதி தெளிவாச் சொல்லுது.

ஒண்ணு: ஒருத்தர் இன்னொருத்தரை முழுசாத் தாண்டிட்டா ரெஃப்ரி உடனே "ஹால்ட்" சொல்லணும். தாண்டுறதுக்கு முன்னாடி எங்க நின்னாங்களோ அங்கேயே ரெண்டு பேரையும் நிறுத்தணும்.

ரெண்டு: ஓடி வர்றவ தாண்டுற போக்குலேயே குத்தினா செல்லும். தாண்டி முடிச்சப்புறம் குத்தினா செல்லாது.

மூணு: தாக்குதலை வாங்குறவ உடனடியாக் குத்தினா செல்லும், திரும்பிக்கிட்டே குத்தினாலும் சரி.

மூணாவது வரியை இன்னொரு தடவை படி. ஓடினவளுக்குக் கதவு சாத்தினப்புறமும் உனக்கு ஒரு நொடி திறந்திருக்கு. கபடியில பாடிப் போனவ கோட்டுக்குத் திரும்பி வந்தாத்தான் பாயிண்ட். இங்க தாண்டிப் போனவளுக்குத் திரும்பி வர வழியே கிடையாது. நின்னவளுக்குத்தான் அந்தச் சலுகை.

2. "உடனே"ன்னா எவ்வளவு நேரம்?

விதியில இத்தனை நொடின்னு எந்தக் கணக்கும் போடல. ரெஃப்ரி பார்க்குறது ஒண்ணைத்தான்: உன் குத்து அதே அசைவோட தொடர்ச்சியா, இல்ல புதுசா ஆரம்பிச்சதா?

அவ வாளைத் தடுத்துட்டு, தடுத்த கையை நிறுத்தாம அப்படியே குத்தினா அது உடனடி. அவ கடந்து போறப்போ உன் உடம்பும் கூடவே சுத்தி, முனை அவ முதுகுல விழுந்தா அதுவும் உடனடிதான். ஆனா முதல் குத்து தவறி, கையை இழுத்து ரெண்டாவதா ஒண்ணு போட்டா அது புது ஆட்டம். வாளைத் தாழ்த்திட்டு, அவ எங்க நிக்கிறான்னு தேடிக் குத்தறது பஸ் போனப்புறம் கை காட்டற மாதிரி.

உனக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு செயல். அதை அவ தாண்டுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடு. முடியறது தாண்டின பிறகா இருந்தாலும் பரவாயில்ல.

3. பெட்டிக்கும் ஒரு கடிகாரம் இருக்கு

ரெஃப்ரியோட கண்ணைத் தவிர ஸ்கோர் பெட்டிக்குள்ளயும் ஒரு கணக்கு ஓடுது. நீ ஆடற எப்பே வாள்ல முதல் குத்து விழுந்து 40லேர்ந்து 50 மில்லி செகண்டுக்குள்ள அடுத்தது விழுந்தாத்தான் ரெண்டு லைட்டும் எரிஞ்சு டபுள் ஆகும். நொடியில இருபதுல ஒரு பங்குதான் அது. அதைத் தாண்டிட்டா ரெண்டாவது குத்தைப் பெட்டி பதிவே பண்ணாது.

அதனால அவ ஓடி வந்து உன்னைக் குத்திட்டான்னா, தாண்டினப்புறம் நீ எவ்வளவு அழகாத் திரும்பிக் குத்தினாலும் உன் லைட் எரியாது. அவ தவறவிட்டாலோ, நீ தடுத்துட்டாலோதான் தாண்டின பிறகு கிடைக்கிற அந்தக் குத்துக்கு உயிர் இருக்கு.

ஸ்கோரையும் சேர்த்துப் பார்த்துக்கோ. 14க்கு 13ன்னு நீ முன்னால இருந்தா, அவ ஓடி வர்றப்போ கையை நீட்டி டபுள் வாங்கினாலே ஆட்டம் உன்னோடது. 14க்கு 14ல டபுள் விழுந்தா அது கணக்குலயே சேராது, மறுபடி ஆரம்பிக்கணும். நேத்து உன் நிலைமை அதுதான். அந்த இடத்துல தனி லைட்டுதான் வேணும்.

4. அவ கிளம்புறதை முன்னாடியே மோப்பம் பிடி

ஃப்ளெஷ் திடீர்னு வர்ற மாதிரிதான் தோணும். ஆனா ஓடப்போற உடம்பு முன்னாடியே காட்டிக் குடுத்துடும். பாரம் முன்காலுக்கு மாறும், குதிகால் லேசா எழும்பும், தோள் முன்னாடி சாயும், கை நீளும். இதுல ரெண்டு சேர்ந்து தெரிஞ்சாலே உஷாராகிடு.

எப்ப ஓடுவாங்கன்னும் தெரிஞ்சு வெச்சுக்கோ. நீ முன்காலை நீட்டி லஞ்ச் போட்டுட்டுப் பின்னால எழுந்திருக்கிற நேரம்தான் அவங்களுக்குப் பிடிச்ச நேரம். உன் பாரம் பின்னால இருக்கும், கை மடங்கியிருக்கும். அடுத்தது, நீ யோசிக்காம ஒரு அடி முன்னால வைக்கிற நேரம். அதனால லஞ்ச்லேர்ந்து எழுந்திருக்கிறப்போ கையை மடக்காதே. நீட்டின கையோடவே எழுந்திரு. இந்த ஒரு பழக்கத்துக்கே பாதி ஃப்ளெஷ் அடங்கிடும்.

5. உன் கையில மூணு பதில்

முதல் பதில், கையில குத்து. எப்பேல உடம்பு முழுக்க இலக்கு, யாருக்கு முன்னுரிமைங்கிற பேச்சே இல்ல. ஓடி வர்றவளோட மணிக்கட்டும் முன்கையும்தான் உனக்கு முதல்ல எட்டும். பின்வாங்கி ஓடாம, கையை முழுசா நீட்டி, வாளோட கைப்பிடிக் கிண்ணத்தால அவ வாள் வர்ற வழியை அடைச்சுக்கிட்டே குத்து. வழியை அடைக்காம நீட்டினா டபுள்தான் மிஞ்சும்.

ரெண்டாவது பதில், தடுத்துக் குத்துறது. பாரி, ரிபோஸ்ட்டுன்னு ரெண்டு பேர் வெச்சிருக்கிறதால அது ரெண்டு வேலைன்னு நினைச்சுடாதே. அரை அடி மட்டும் பின்னால வை, அவ வாளைப் பிடி, பிடிச்ச வேகத்துலயே முனையை அவ மேல விடு. அவ பக்கத்துல வந்துட்டா கையை நீட்ட இடம் இருக்காது. அப்போ முழங்கையை மடக்கி முனையைத் தோள், இடுப்பு, முதுகுன்னு கிடைச்ச இடத்துல வை. நேத்து நீ தவறவிட்டது இதைத்தான். தடுத்தது அருமையாத் தடுத்தே. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையா, தடுத்ததோட நின்னுட்டே.

மூணாவது பதில், குனிஞ்சு குத்துறது. அவ மேல வர்றப்போ நீ கீழ போய்க் கையை நீட்டணும். வாள் பிடிக்காத கையும் பின்கால் முழங்காலும் தரையில பட்டாலும் விதி அனுமதிக்குது. பார்க்க சினிமா மாதிரி இருக்கும். ஆனா இதை கோச் கண்ணெதிர்ல நூறு தடவை செஞ்சப்புறம்தான் போட்டிக்குக் கொண்டு போகணும்.

6. பயத்துல செய்யுற மூணு தப்பு

ஒருத்தி மூஞ்சிக்கு நேரா ஓடி வந்தா, சும்மா இருக்கிற கை தன்னால முன்னாடி வரும். வரக் கூடாது. அந்தக் கையால வாளைத் தடுத்தாலோ இலக்கை மறைச்சாலோ கார்டு விழும். பின்னால மடக்கி வெச்சே பழகு.

அடுத்தது முதுகைக் காட்டுறது. அவ வர்றதுக்கு முன்னாடியே பயந்து சுருண்டு திரும்பினா மஞ்சள் கார்டு, நீ குத்தின குத்தும் போகும். கடந்து போறவளோட சேர்ந்து சுத்துறது வேற, வர்றவளுக்கு முதுகைக் காட்டுறது வேற.

மூணாவது, இடிச்சுத் தள்ளுறது. எப்பேல முரட்டுத்தனம் இல்லாம உடம்பு உரசினா தப்பில்ல, ரெஃப்ரி நிறுத்துவாங்க, அவ்வளவுதான். ஆனா குத்து வாங்காம தப்பிக்கணும்னு வேணும்னே மோதினாலோ, தோளால தள்ளினாலோ கார்டு வரும். ஃபாயில், சேபர்ங்கிற மத்த ரெண்டு வாள்லயும் முரட்டுத்தனமே இல்லாட்டாலும், மோதலைக் கொண்டு வந்தவங்களுக்கு மஞ்சள்.

7. கோடு எங்க இருக்குன்னு குதிகாலுக்குத் தெரியணும்

ஆடுகளமான பிஸ்ட்டோட நீளம் 14 மீட்டர், அகலம் ஒன்றரையிலேர்ந்து 2 மீட்டர். அந்த அகலத்துல ரெண்டு உடம்பு ஒண்ணை ஒண்ணு கடக்கணும்னா இடம் எவ்வளவு இருக்கும்னு நீயே யோசி.

பக்கவாட்டுல ஒதுங்கிக் குத்துறவங்க கவனிக்கணும். ரெண்டு காலும் வெளியே போனப்புறம் நீ குத்தினா செல்லாது. ஆனா அவளோட நேரடியான, உடனடிக் குத்து உன் மேல விழுந்தா செல்லும். அதுக்கு மேல, அடுத்த ஆரம்பத்துல அவளுக்கு 1 மீட்டர் முன்னால வர உரிமை. ஒரு கால் மட்டும் வெளியே போனாலும் "ஹால்ட்"தான். ஆனா அதுக்கு முன்னாடியே நீ ஆரம்பிச்ச குத்து நிக்கும். ஒதுங்கணும்னா ஒரு காலை உள்ளேயே வெச்சுக்கிட்டு ஒதுங்கு.

பின்னால கடைசி 2 மீட்டர்ல நிக்கிறப்போ ஃப்ளெஷ் வந்தா பின்வாங்குற பேச்சே வேண்டாம். ரெண்டு காலும் கடைசிக் கோட்டைத் தாண்டினா குத்தே இல்லாம அவளுக்குப் பாயிண்ட். அங்க நின்னு பதில் சொல்லித்தான் ஆகணும்.

8. ஃபாயில், சேபர் ஆடற உன் தோழிங்களுக்கு

தாண்டுற விதி மூணு வாளுக்கும் ஒண்ணுதான். மத்ததெல்லாம் மாறும்.

ஃபாயில்ல, கை முதல்ல நீண்டு, முனை இலக்கை மிரட்டிக்கிட்டு ஓடி வந்தா முன்னுரிமை ஓடி வர்றவளுக்கு. அவ நேரா வர்றப்போ நீயும் கையை நீட்டி ரெண்டு கலர் லைட்டும் எரிஞ்சா பாயிண்ட் அவளுக்குத்தான் போகும். அதனால எப்பேல சொன்ன முதல் பதில் இங்க பெரும்பாலும் எடுபடாது. தடுத்துக் குத்து, இல்லேன்னா அவ குறி தவறும்படி விலகிக் குத்து. அவ ஏமாத்து அசைவு காட்டிக்கிட்டு வந்தா, கடைசி அசைவு தொடங்குறதுக்கு முன்னாடியே உன் குத்து விழணும். அவ கிளம்புறதுக்கு முன்னாடியே உன் கை நீண்டு, முனை அவ இலக்குக்கு நேரா நின்னுட்டிருந்தா, உன் வாளை ஒதுக்கிட்டுத்தான் அவ வரணும். முதுகும் ஃபாயில்ல இலக்குதான், கடந்து போறப்போ அங்க விழுற குத்து செல்லும்.

சேபர்ல இந்தத் தலைவலி பாதிதான். முன்னால போறப்போ காலைக் குறுக்கே தாண்டி வைக்கவே கூடாது. வெச்சா குத்து ரத்து, கூடவே கார்டு. அதனால அங்க ஃப்ளெஷ் கிடையாது, முன்காலாலேயே எம்பிப் பறக்குற லஞ்ச் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்ல ஆடின முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை, நம்ம சென்னைப் பொண்ணு பவானி தேவியோட வாள் சேபர்தான். முதல் ஆட்டத்துல துனிசியாவோட நாடியா பென் அசிசியை 15க்கு 3ன்னு ஜெயிச்சாங்க, அடுத்ததுல பிரான்ஸோட மனோன் ப்ருனேகிட்ட 7க்கு 15ன்னு தோத்தாங்க. அந்த வீடியோக்களைப் பாரு, ஆனா எப்பே ஆடற நீ கால் வேலையை அங்கேர்ந்து அப்படியே எடுத்துக்காதே. வாள் வேற, விதி வேற.

9. நீ ஓடுற பொண்ணா இருந்தா

ஒரு கதை சொல்றேன், சிரிக்காதே. உன் வயசுல ஒரு போட்டியில நான் ஃப்ளெஷ் போனேன். தவறிடுச்சு. தாண்டிப் போன வேகத்துலயே கையைப் பின்னால வீசி அவ முதுகுல ஒரு குத்து வெச்சேன். லைட் எரிஞ்சுது. ரெண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். ரெஃப்ரி என்னைப் பார்த்து, கை அசைவால "தாண்டியாச்சு"ன்னு மட்டும் காட்டினாங்க. அரங்கத்துல எல்லாரும் பார்த்தாங்க. நம்ம அப்பாவும் பார்த்தார்.

ஓடறவளுக்குத் தாண்டுற வரைக்கும்தான் நேரம், அதுக்கப்புறம் கையை வீசினா கைதான் வலிக்கும். அதோட, ஓடற போக்குல குத்து வாங்கிட்டு, பிஸ்ட் முனையைத் தாண்டி ஓடி உடம்புல மாட்டியிருக்கிற ரீல் வயரே பிடுங்கிட்டாலும், வாங்கின குத்து வாங்கினதுதான். "வயர் கழண்டுடுச்சு"ன்னு சாக்கு சொல்ல முடியாது.

10. ரெஃப்ரிகிட்ட எப்படிக் கேக்கணும்

இதை அடிக்கோடு போட்டு வை. ரெஃப்ரி கண்ணால பார்த்து முடிவு பண்ணின விஷயத்தை எதிர்த்து முறையிட முடியாது. விதியைத் தப்பாப் பயன்படுத்தினா முறையிடலாம்.

அதனால "நான் குத்தினேனே, லைட் எரிஞ்சுதே"ன்னு ஆரம்பிக்காதே. மரியாதையா ஒரே கேள்வி கேளு: "என் குத்து உடனடியா இல்லைங்கிறீங்களா, இல்ல அவங்க தாண்டினதாலயே செல்லாதுங்கிறீங்களா?" "உடனடியா இல்ல"ன்னு பதில் வந்தா அது அவங்க கண் பார்த்தது. தலையாட்டிட்டுப் போய் நில்லு. "தாண்டிட்டாங்க, அதனால செல்லாது"ன்னு வந்தா அது விதிக்கு நேர் எதிர். அப்பவே, ஆட்டத்தை ஆரம்பிக்கச் சொல்ற அடுத்த "அலே" வர்றதுக்கு முன்னாடியே, அமைதியா முறையிடு. அடுத்த குத்துக்கு முடிவு சொல்லிட்டாங்கன்னா வாய்ப்பு போச்சு. காரணமே இல்லாம முறையிட்டா அதுக்கும் மஞ்சள் கார்டு உண்டுங்கிறதால, பதிலைக் கேட்டுட்டு வாயைத் திற.

நேத்து நீ இந்தக் கேள்வியைக் கேக்கல. கேட்டிருந்தா "உடனடியா இல்ல"ன்னுதான் சொல்லியிருப்பாங்க. வீடியோ பார்த்த நானே அதைத்தான் சொல்றேன். ஆனா ஏன் போச்சுன்னு தெரிஞ்சு அடுத்த குத்துக்கு நின்னிருப்பே. அநியாயம் பண்ணிட்டாங்கன்னு கொதிச்சுக்கிட்டே நின்னதால அடுத்ததும் போச்சு.

11. மொட்டை மாடிப் பயிற்சி

துணிக்கொடியில ஒரு டென்னிஸ் பந்தைக் கயிறு கட்டித் தொங்கவிடு, நெஞ்சு உயரத்துக்கு. முகமூடி போட்டுக்கோ, பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது. பந்தை நல்லா இழுத்து உன் பக்கமா விடு. முதல் வாரம், பந்து உன்னைக் கடக்குறதுக்கு முன்னாடி குத்து. ரெண்டாவது வாரம், வாளால பந்தை லேசா ஒதுக்கி, அது கடந்து போறப்போ கூடவே சுத்தித் தொடு. பந்து திரும்பி வர்றப்போ தொட்டா அது கணக்கில்ல. ஒரு வாய்ப்பு, ஒரு தொடல். ஒரு நாளைக்கு இருபது போதும்.

கிளப்ல ஒரு தோழியை ஓடி வரச் சொல்லு. அவ உன்னைத் தாண்டுறப்போ கோச் கை தட்டட்டும். தட்டின சத்தம் அடங்குறதுக்குள்ள உன் முனை விழுந்தா ஒரு மார்க். விழலைன்னா நீ பத்து தோப்புக்கரணம்.

12. கடைசியா, உடம்பு முக்கியம்

முழு வேகத்துல ஓடி வர்ற உடம்புக்கு முன்னால வாள் உடைஞ்சா என்ன ஆகும்னு இந்த விளையாட்டுக்குத் தெரியும். 1982ல ரோம் உலக சாம்பியன்ஷிப்ல மத்தியாஸ் பெர்ங்கிறவரோட வாள் உடைஞ்சு, முனை விளாதிமிர் ஸ்மிர்னோவோட முகமூடியைத் துளைச்சுது. ஸ்மிர்னோவ் மாஸ்கோ ஒலிம்பிக் ஃபாயில் சாம்பியன். உயிர் பிழைக்கல. அதுக்கப்புறம்தான் முகமூடி, உடை, வாள் எஃகுன்னு எல்லாத்துக்கும் தரம் கடுமையாச்சு. பயிற்சிதானேன்னு உள்ளே போடற பிளாஸ்ட்ரானை வீட்டுல விட்டுட்டுப் போகாதே. வாள்ல விரிசலோ கூர்மையான வளைவோ தெரிஞ்சா அன்னிக்கே ஓரமா வை. முகமூடி வலை அமுங்கியிருந்தா அப்பாகிட்ட சொல்லு, காசைப் பத்தி யோசிக்காதே.

அடுத்த போட்டிக்கு நான் லீவு போட்டுட்டு வர்றேன். அந்தப் பொண்ணு மறுபடியும் ஓடி வருவா, ஒரு தடவை பலிச்சதை யாரும் விடமாட்டாங்க. வரட்டும். என்னால வர முடியாமப் போனா ராத்திரி போன் பண்ணு. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, "ரெஃப்ரி என்ன பண்ணினாங்க தெரியுமாக்கா"ன்னு ஆரம்பிக்காம, "அவ தாண்டுறப்போ என் முனை எங்க இருந்துச்சுன்னா"ன்னு ஆரம்பி. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து கேக்கறேன்.